மசாலா லேபிளில் ஓர் அம்மன்

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐம்பது நிமிடம். அடுப்படிக் கடிகாரம் மூன்று ஐம்பத்தைந்து காட்டியது. மகள் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று அதை ஐந்து நிமிடம் முன்னால் நகர்த்தி வைத்திருந்தேன். மிளகாய் வறுத்த நெடி போக ஜன்னலைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். "ஏம்மா, என்ன பண்றே?" என்று கேட்பதுதான் வழக்கம். 'வர்றீங்களா' என்று அவர் என்னிடம் பேசியதே இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்.

மஞ்சள் புடவை கட்டியிருந்தார். ஆடி முழுவதும் விரதம் இருப்பவர். கையில் மடித்த செய்தித்தாள், அதன் மேல் ஒரு கிழிந்த பாலிதீன் கவர். எண்ணெயும் மஞ்சளும் சேற்றோடு அப்பியிருந்தன. உள்ளே என்னுடைய லேபிள். சிவப்பும் மஞ்சளுமாக, கிரீடம் வைத்த அம்மன் முகம். கன்னத்துக்குக் குறுக்கே பல் பதிந்த கிழிசல்.

"இது உங்க மசாலாதானே?"

"ஆமாங்க்கா."

"கோயில்ல கூழ் ஊத்திட்டு வர்றேன். தெரு முனையில, சாக்கடை ஓரம், நாய் நக்கிக்கிட்டு இருக்கு. அம்மன் மூஞ்சிய நாய் நக்குது. நான் பாத்துட்டு எப்படிப் போவேன், சொல்லுங்க?"

அந்த லேபிள் எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் தாண்டி, புதிதாகப் பிரித்த ஒரு மனைப்பிரிவில் நாங்கள் வீடு கட்டினோம். மொத்தம் பதினோரு வீடுகள். மற்றதெல்லாம் எல்லைக் கல் நட்ட வெறும் மனைகளும் முள்செடிகளும். வீட்டுக் கடனுக்காக என் கணவர் மஸ்கட்டுக்குப் போனார், ஒரு கட்டுமானக் கம்பெனியில் போர்மேன் வேலைக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். கடிதம் வர இரண்டு வாரம் ஆகும். அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதி, அது போய்ச் சேரும்போது கேள்வியே பழையதாகிப் போயிருக்கும்.

மகள் காலை ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் போவாள். பிறகு நான்கு மணிவரை அந்த வீட்டில் நான் மட்டும். நான் பி.ஏ. வரலாறு படித்தவள். படித்த படிப்புக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பதினோரு மணிக்கே சமையல் முடிந்துவிடும். அதற்குப் பிறகு, குழாயை நன்றாக மூடியிருந்தாலும் சொட்டுகிறதா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். கேட் சத்தம் கேட்டதுபோல் இருக்கும். யாரும் வந்திருக்க மாட்டார்கள். வாய் திறந்து பேசுவது பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும்தான். பதினொன்றரைக்கு மதில் மேல் இரண்டு டம்ளர் காபி. ஒருநாள் அவர் போடுவார், ஒருநாள் நான்.

சாம்பார் பொடியை அரைத்து விற்கலாமே என்று யோசனை சொன்னதும் அவர்தான். அரைத்து, சலித்து, பாலிதீன் கவரில் போட்டு, கவரின் வாயை ரம்பத் தகட்டில் மடித்து மெழுகுவத்திச் சுடரில் காட்டி ஒட்டினேன். லேபிள் இல்லாமல் கடைக்காரர் வாங்க மாட்டேன் என்றார். லேபிளில் சாமி படம் இல்லாவிட்டால் பெண்கள் நம்பி வாங்க மாட்டார்கள் என்று சொன்னார்.

குரோம்பேட்டையில் ஒரு சிறிய அச்சகம். நான் ஒரு காலண்டரைக் கொண்டுபோனேன். படம் அச்சடிக்கும் உலோக பிளாக் செய்பவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அச்சடிச்ச படத்துலேருந்து பிளாக் எடுத்தா புள்ளி புள்ளியா அடிச்சிக்கும் மேடம். அம்மனுக்கு அம்மை போட்ட மாதிரி வரும். ஒரிஜினல் போட்டோ இருந்தா குடுங்க."

அம்மனின் ஒரிஜினல் போட்டோவுக்கு நான் எங்கே போவது? வீட்டில் ஒரு போட்டோ இருந்தது. மகள் ஆறாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்கு அம்மன் வேடம் போட்டபோது ஸ்டுடியோவில் எடுத்தது. ஜிகினாக் கிரீடம், அட்டையில் வெட்டிய சூலம், தோளில் வேப்பிலை, நெற்றி நிறையக் குங்குமம். சிரிக்காதே என்று நான் சொன்னதால் கண்களை அகலத் திறந்து வைத்திருந்தாள். அதைக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது முகம் மங்கலாகி, கண்கள் மட்டும் பெரிதாகி, உண்மையிலேயே அம்மன் மாதிரிதான் இருந்தது. தினமும் என் மகளைப் பார்க்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்கே அடையாளம் தெரியவில்லை. "நல்ல களையான முகம்" என்றார். நானும் சொல்லவில்லை. ஏதோ ஒரு சின்னக் கள்ளத்தனம், ஒரு பெருமையும்கூட. மகளிடமும் நான் கேட்கவில்லை. பதினோரு வயதுப் பெண்ணிடம் எதைக் கேட்பது என்று நினைத்திருப்பேன்.

லேபிளை ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் அச்சகத்தில் ஒத்துக்கொள்வார்கள். சாம்பார் பொடி அவ்வளவு போகவில்லை. கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து மளிகைக்கடை அண்ணாச்சி சொன்னார்:

"எக்கா, சாம்பார் பொடி எல்லாரும் போடுதாவ. மட்டன் மசாலா கொண்டாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்ல தீந்துபோவும்."

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பழைய லேபிளில் 'சாம்பார் பொடி' என்ற எழுத்தின் மேல் 'மட்டன் மசாலா' என்று அச்சடித்த ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினேன். மேலே அம்மன் அப்படியே இருந்தாள்.

எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. அதுதான் உண்மை. எங்கள் சொந்த ஊர் கூடுவாஞ்சேரிப் பக்கம். எங்கள் குலதெய்வம் அம்மன்தான். கெடா வெட்டிப் பொங்கலிட்டு, அந்தக் கறிக்கு மசாலா அரைத்துக் கொடுத்துத்தான் நான் வளர்ந்தேன். சாமியும் கறியும் ஒரே இடத்தில் இருப்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவளுக்கு, லேபிளில் இருந்தால் என்ன என்று தோன்றியது. அதை அன்று மதில் ஓரத்தில் நின்று சொல்லவும் செய்தேன்.

"எங்க ஊர்ல ஆத்தாளுக்குக் கெடாவே வெட்டுவோம்க்கா. அதனால எனக்குத் தப்பாத் தெரியல."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"வெட்டுங்க. உங்க ஊரு ஆத்தா, உங்க வழக்கம். நான் அதைக் கேக்கல. வெட்டிச் சாப்பிட்டுட்டு ஆத்தாளைத் தூக்கிச் சாக்கடையிலயா போடுவீங்க?"

ஒரு கவர் என்பது பிரித்தபின் எங்கே போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் கண்ணில் அது கடை வாசலில் சரமாகத் தொங்குவதோடு முடிந்துவிடும். கிழித்து, கொட்டி, எண்ணெய்க் கையோடு சுருட்டி எறிகிற வேலை வேறு வேறு வீடுகளில் நடக்கிறது.

"உங்க சாம்பார் பொடி லேபிளைக் கத்தரிச்சு பூஜை மாடத்துல ஒட்டியிருக்கேன்," என்றார் அக்கா. "தை மாசத்துலேருந்து அதுக்குத்தான் விளக்கேத்தறேன். காலண்டர்ல இருக்கிற முகமெல்லாம் என்னைப் பாக்கிற மாதிரி தோணல. இது பாத்துச்சு. எம்புள்ள வரணும்னு இதுங்கிட்டதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவருடைய ஒரே மகன் பிளஸ் டூவில் தேறாமல், முந்தின வருடம் வீட்டைவிட்டுப் போனவன். பம்பாய் என்றார்கள். பம்பாயில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு கார்டுகூட வரவில்லை. அவன் எப்படிப் போனான் என்பதை மட்டும் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

நான் பதறிவிட்டேன். பதறும்போது எனக்கு எது சொல்லலாம், எது கூடாது என்று தெரிவதில்லை. என் மேல் விழுந்த பாவத்தை எப்படியாவது கீழே தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா, அது சாமி படமே இல்லீங்க்கா. எம்பொண்ணு. ஸ்கூல்ல வேஷம் போட்டப்ப எடுத்த போட்டோ. வெறும் எம்பொண்ணு மூஞ்சிதான். அது சாக்கடையில கெடந்தா என்ன, நாய் நக்கினா என்ன? அதுல யாருக்குப் பாவம்?"

அக்காவின் பார்வை என்னைத் தாண்டி எங்கோ போனது. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எண்ணினேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு திரும்பலை நான் எத்தனை முறை மனதுக்குள் செய்து பார்த்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

"ஏழு மாசம்," என்றார். அவ்வளவுதான். செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலிருந்து சுரண்டும் சத்தம் வந்தது. கரண்டியோ கத்தியோ, சுவரில். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மதில் மேல் அதற்குப் பிறகு காபி டம்ளர் வைக்கப்பட்டதே இல்லை.

நாலேகாலுக்குள் மகள் வந்துவிட வேண்டும். வரவில்லை. வெள்ளிக்கிழமை சிலசமயம் விளையாட்டுப் பீரியட் நீளும். நாலரை. கடிகாரத்தின் ஐந்து நிமிடத்தைக் கழித்துக் கழித்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு வாசலுக்குப் போனேன்.

கேட்டுக்கு உள்பக்கம், செம்பருத்திச் செடிக்குக் கீழே, அவளுடைய புத்தகப் பை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே டிபன் பாக்ஸ். பக்கத்தில் செருப்பு இல்லை.

அவள் வந்திருக்கிறாள். நான் பேசியபோது என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அக்கா பார்த்தது அவளைத்தான்.

நான் சொன்ன சொற்களை அவள் காதில் விழுந்த வரிசையில் எனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். வெறும் எம்பொண்ணு மூஞ்சிதான். அது சாக்கடையில் கிடந்தால் என்ன.

வீட்டைப் பூட்டினேனா என்று ஞாபகமில்லை. முதலில் கிணற்றைப் பார்த்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் முதலில் அங்கேதான் போனேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. பிறகு அண்ணாச்சி கடைக்கு ஓடினேன்.

கடை வாசலில் என் மசாலா சரம் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

"என்னக்கா, அப்பமே உங்க பிள்ள வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போச்சுல்லா?" என்றார் அண்ணாச்சி. "அம்மா திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாவன்னுச்சு. சாம்பார் பொடி, மசாலா, ஒண்ணுவிடாம. துணிப்பை வேணும்னு கேட்டுது, குடுத்தேன்."

"எப்ப அண்ணாச்சி?"

"நாலு மணி இருக்கும். ஏம்க்கா, மொகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?" கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சிக்கிடாதீங்க. போன வாரம் அந்தப் பிள்ள இங்கன நிக்கும்போது யூனிபாரம் போட்ட ரெண்டு பிள்ளைய வந்துச்சு. இந்தச் சரத்தைக் காட்டி, 'மசாலா ஆத்தா, மசாலா ஆத்தா, கால் கிலோ கறி குடு ஆத்தா'ன்னு ஒரே சிரிப்பு. எனக்கு விவரம் புரியல. பிள்ளைய பேசிக்கிடுதுன்னு விட்டுட்டேன். உங்க பிள்ள தரையப் பாத்துக்கிட்டு நின்னுச்சு."

மாறுவேடப் போட்டியைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் அச்சகத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். எத்தனை நாளாக இது நடந்தது? வீட்டில் அவள் சொன்னதில்லை. தலைவலி என்று இரண்டு முறை பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். நான் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, போ என்று அனுப்பினேன்.

என் பொருள் போகும் கடைகள் மொத்தம் ஐந்து. சனிக்கிழமைகளில் அவளையும் கூட்டிக்கொண்டு போவதால் ஐந்தும் அவளுக்குத் தெரியும். கேம்ப் ரோடு முனையில் மூச்சு வாங்கி நின்றபோது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் கூப்பிட்டார்.

"இன்னாமா, இப்டி ஓடியாந்துகினு கீற? உயுந்துடப் போற. குந்து."

"என் பொண்ணைக் காணோம்ப்பா. பதிமூணு வயசு. ரெட்டைப் பின்னல், பச்சைப் பாவாடை."

"அட, அந்தப் பாப்பாவா? ஒரு பையத் தூக்க முடியாம தூக்கிகினு போச்சே. நான்கூட கேட்டேன், 'இன்னா பாப்பா, கல்யாண வூட்டுக்கா சரக்கு?'ன்னு. திரும்பிக்கூடப் பாக்கல. அப்டிக்கா போச்சு. ஏறு, ஏறு, பேஜார் பண்ணாத. துட்டப் பத்தி அப்பால பேசிக்கலாம்."

இரண்டாவது கடையில், "நாலரைக்கே வந்துட்டுப் போயிட்டாங்க மேடம்" என்றார்கள். மூன்றாவது கடையில் கொஞ்சம் முன்னால் என்றார்கள். அங்கே மசாலா ஏழெட்டுப் பாக்கெட்தான் மிச்சம் இருந்ததாம். எண்ணி வாங்கினாளாம். ஒன்று விற்றுப்போனது என்றதும், யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டாளாம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். அவள் முகத்தை அவர் கவனித்திருக்கவில்லை. நான்காவது, மேடவாக்கம் போகிற சாலையில். அங்கே என் சரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அத்தனை முகங்களும் லேசாகத் திரும்பித் திரும்பி ஆடின. "யாரும் வரலையே" என்றார் அந்தக் கடைக்காரம்மா.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் எங்கேயும் இல்லை.

"அஞ்சாவது கடைக்குப் போலாமா?" என்று ரிக்‌ஷாக்காரர் கேட்டார். போனோம். அங்கேயும் இல்லை. இருட்டத் தொடங்கியது. அந்தச் சாலையில் அப்போது விளக்குகள் அதிகம் கிடையாது. லாரி வெளிச்சத்தில் பச்சையாக எது தெரிந்தாலும் நிறுத்தச் சொன்னேன்.

"போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" என்றார் அவர்.

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. புருஷன் ஊரில் இல்லை, வயதுக்கு வரப்போகிற பெண், நாளைக்குப் பதினோரு வீடும் என்ன பேசும் என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"வூட்டாண்ட வந்துட்டுருந்தா? நீ இங்க சுத்திகினு இருக்க, அது அங்க பூட்டின கதவுல குந்திகினு இருக்கும். வா, கொண்டாந்து வுடறேன்."

ஏழு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். படியில் யாரும் இல்லை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. விரதக்காரர், விளக்கு வைக்கும் வேளையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகமாட்டார். என் வீட்டுப் பக்கத்தில் இருக்கவே பிடிக்காமல் எங்காவது போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ரிக்‌ஷாக்காரர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் மருந்துக்கடையில்தான் இருந்தது. போன் செய்ய யார் இருந்தார்கள்? மஸ்கட்டுக்குப் பேச முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் என்ன சொல்வேன்? அவர் அங்கே தலையில் கை வைத்துக்கொள்வதைத் தவிர என்ன செய்ய முடியும்? அண்ணன் கூடுவாஞ்சேரியில். அங்கே போன் இல்லை. வீட்டை விட்டு நகர்ந்தால் அவள் அந்த நேரத்தில் வந்துவிடுவாள். நகராமல் இருந்தால் அவள் எங்கோ போய்க்கொண்டே இருக்கிறாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அவளுடைய புத்தகப் பையை உள்ளே எடுத்து வைத்தேன். பிறகு, அவள் வந்து அது அங்கே இல்லாததைப் பார்த்தால் என்ன நினைப்பாளோ என்று மறுபடி செடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

கட்டிலுக்கு அடியில் லேபிள் கட்டுகள். அவற்றை இழுத்து வெளியே போட்டேன். இருக்கிற அத்தனையையும் அடுப்பில் போட்டு எரித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. கட்டைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தேன். தீப்பெட்டியையும் எடுத்தேன். கை வரவில்லை. சாமி என்று நினைத்தால் எரிக்கக் கூடாது. சாமி இல்லையென்றால் அது என் பிள்ளையின் முகம். அவளைக் காணாத நேரத்தில், அவள் முகத்தில் எப்படி நெருப்பு வைப்பது? கிழிக்கவும் முடியவில்லை. பழைய சாமி படங்களைத் தண்ணீரில் விடுவார்கள். கிணற்றை நினைத்ததும் கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆயிரக்கணக்கான காகிதங்களை ஒன்றும் செய்ய முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதே என்று நான் சொல்லி அகலத் திறந்த கண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக.

அவை இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. மசாலா வேலையை அன்றோடு விட்டேன். மீதமிருந்த இரண்டு கடைகளுக்கு மறுநாள் நானே போய்ச் சரத்தைக் கழற்றி வாங்கி வந்தேன்.

மகள் இப்போது கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மின்சார ரயில் கால் மணி தாமதமானால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுகிறேன். "அம்மா, நான் என்ன குழந்தையா?" என்று சலித்துக்கொள்கிறாள். அன்று அந்தப் பாக்கெட்டுகளை என்ன செய்தாள், ஸ்டேஷனில் எந்த ரயிலுக்காக உட்கார்ந்திருந்தாள், ரயில் வந்திருந்தால் ஏறியிருப்பாளா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம், அன்று எட்டு மணி தாண்டி வாசலில் வந்து நின்றவர் சொன்ன வார்த்தைதான்.

அன்றிரவு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இல்லாத சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகியதால் நான் உடனே எழவில்லை. பிறகு செருப்புச் சத்தம், இரண்டு ஜோடி.

பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார். மஞ்சள் புடவையின் கரையெல்லாம் புழுதி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம். ஒரு கையில் கசங்கிய பிளாட்பாரம் டிக்கெட். இன்னொரு கை என் மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மகன் போன பிறகு பல சாயங்காலங்களில் அவர் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய், வருகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று எனக்கு அப்புறம் ஒருவர் சொல்லித்தான் தெரியும். வீட்டை விட்டுப் போகிற பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

மகளின் கையில் துணிப்பை இருந்தது. காலியாக மடிந்து தொங்கியது. முகத்தில் அழுத தடம் காய்ந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

நான் பாய்ந்து போய், "எங்கடி போனே? எங்கே போனே?" என்று வாயைத் திறந்தேன். அக்கா மணிக்கட்டை விடாமல், நடுவில் வந்து நின்றுகொண்டார். வாசற்படியில் கால் வைக்கவில்லை.

"எதுவும் கேக்காதீங்க," என்றார். "எங்க போனே, ஏன் போனேன்னு ஒண்ணும் கேக்காதீங்க. உள்ள கூட்டிட்டுப் போய்ச் சோறு போடுங்க. நான் கேட்டேன். ராத்திரி பூரா நிக்க வெச்சுக் கேட்டேன். காலையில பாத்தா எம்புள்ள இல்ல."